மறியலிலிருக்கும் சகோதரியைச் சந்தித்தல்

ஞானோபதேச வகுப்பிலே, உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழினையும் விரல்விட்டு எண்ணப் பழகியவர்கள் நாம். பசித்தவருக்கு உணவளிக்கிறோம், தபசு காலத்திலே பங்கில் அரிசியும் மாவும் சேர்த்துக் கொடுக்கிறோம். பழைய உடுப்புக்களை மூட்டை கட்டி அனுப்புகிறோம். முதல் வெள்ளியிலே நோயாளரின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லப்படுகின்றது. செத்தவீட்டுக்குப் போகாதவர் நம்மில் ஒருவருமில்லை. ஆனால் சிறையிலிருப்போரைச் சந்தித்தல் என்ற இடத்துக்கு வந்ததும் எண்ணிய விரல் மடங்கிவிடுகிறது. அது சிறைச்சாலைக்குப் போகும் சுவாமியாருடைய வேலை, அல்லது மரியாயின் சேனையில் யாரோ இரண்டொருவருடைய வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். சிறையிலிருப்பவர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டாலோ, அவளைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்துக்கொள்கிறோம்.

ஆண் ஒருவன் மறியலுக்குப் போனால் அவனைப் பார்க்கத் தாய் போகிறாள், மனைவி போகிறாள், சகோதரி சாப்பாட்டுப் பார்சலுடன் வாசலிலே காத்து நிற்கிறாள். பெண் ஒருத்தி போனால் அவளைப் பார்க்க யார் போகிறார்கள்? தாய் உயிரோடிருந்தால் தாய் போவாள். மற்றவர்கள் முதல் மாதம் போவார்கள், பின்பு தவணைக்கு வந்து நிற்பார்கள், பின்பு அதுவும் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறா என்று சொல்லப்படுகிறது. சொல்லிச் சொல்லி, பெரியவர்களும் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த வாரப் பாடத்திலே, மறியலிலிருக்கும் பெண்களைச் சந்திக்கும் ஊழியத்தைப் பற்றித் திருச்சபையின் அனுபவம் நமக்கு என்ன சொல்கிறது என்பதை நோக்குவோம்.

வேதாகமம் கேட்பது

மத்தேயு 25ம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆண்டவர் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரியத்தைச் சொல்கிறார். பசித்தவனுக்கு உணவு, தாகங்கொண்டவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்குத் தங்க இடம், ஆடையற்றவனுக்கு உடை. சிறையிலிருப்பவனுக்குக் கொடுக்கும்படி ஒரு பொருளும் சொல்லப்படவில்லை. அவனை விடுவிக்கும்படியும் கேட்கப்படவில்லை. என்னிடம் வந்தீர்கள் என்கிறார், அவ்வளவுதான். கையில் ஒன்றுமில்லாதவனும் செய்யக்கூடிய காரியம் இது. ஒருவேளை அதனாலேதான் இது கடினமாயிருக்கிறது போலும். பொருளை ஆள்மூலம் கொடுத்தனுப்பலாம். வருகையை ஆள்மூலம் அனுப்ப இயலாது.

புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரக் கடைசியிலே ஒனேசிப்போர் என்ற ஒரு பெயர் வருகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. சின்னப்பர் உரோமாபுரியிலே கைதியாயிருக்கையில் இந்த மனிதர் அங்கே சென்று, அவரை விசாரித்துத் தேடி, கண்டுபிடித்தார். அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படவில்லை என்று அப்போஸ்தலர் நன்றியுடன் எழுதுகிறார். தேடவேண்டியிருந்தது என்பதையும், வெட்கம் என்ற ஒன்று வழியிலே நின்றது என்பதையும் கவனியுங்கள். இரண்டும் இன்றும் உள்ளவை.

கார்த்தேஜ் சிறையிலிருந்த இரண்டு தாய்மார்

பெண் கைதிகளைத் திருச்சபை எவ்வாறு சந்தித்தது என்பதற்கு மிகப் பழைய சான்று கி.பி. 203ம் ஆண்டைச் சேர்ந்தது. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலே நாம் கேட்கும் புனித பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற இரு பெயர்களும் ஒரே சிறையிலிருந்த இரண்டு இளம் தாய்மாருடையவை. இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கார்த்தேஜ் நகரிலே அவர்கள் பிடிபட்டபோது இன்னும் ஞானஸ்நானம் பெறாத நிலையில், வேதம் கற்றுக்கொண்டிருந்தார்கள். பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண். வயது ஏறக்குறைய 22. மடியிலே பால்குடிக்கும் பிள்ளை. பெலிசித்தா ஓர் அடிமைப் பெண். நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி.

சிறையனுபவத்தைப் பெர்பெத்துவா தாமே எழுதிவைத்திருக்கிறார். இருட்டு, சனநெரிசல், புழுக்கம், காவலரின் முரட்டுத்தனம் எல்லாவற்றையும் சொல்கிறார். ஆனால் அவரை மிகவும் வாட்டியது பிள்ளையைப் பற்றிய கவலை. அப்பொழுது தெர்ச்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு தியாக்கோன்மார் அங்கே வந்தார்கள். காவலருக்குப் பணங்கொடுத்து, கைதிகளைச் சில மணிநேரம் சற்றுக் காற்றோட்டமான பகுதிக்கு மாற்றச் செய்தார்கள். (கைலஞ்சம் கொடுத்ததை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டியதில்லை.) அந்தச் சில மணிநேரத்திலே அவர், பசியால் சோர்ந்துபோயிருந்த தம் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். பின்னர் பிள்ளையைத் தம்முடனே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபோது, அந்தச் சிறை தமக்கு அரண்மனையாய் மாறிற்று என்று எழுதுகிறார். பெலிசித்தா சிறையிலேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்தார். தாய் வேதசாட்சியாய் மரிக்க, அந்தக் குழந்தையை ஒரு கிறிஸ்தவப் பெண் பொறுப்பேற்றுத் தன் சொந்த மகளாக வளர்த்தாள்.

அந்தப் பெண்ணுடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வேதசாட்சிகளுக்குத் திருநாள் உண்டு, அவளுக்கு இல்லை. ஆயினும் சிறைச்சந்திப்பு ஊழியத்துக்கு ஒரு பாதுகாவலியைத் தேடவேண்டுமானால் நான் அவளையே தெரிந்துகொள்வேன். பெண் கைதியைச் சந்திப்பது என்பது பெரும்பாலும் அவளுடைய பிள்ளையைச் சந்திப்பதில் போய் முடியும் என்பதை 1800 ஆண்டுகளுக்கு முன்னரே அவள் விளங்கிக்கொண்டாள். 2010ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, பெண் கைதிகள் பற்றிய பாங்கொக் விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன: தாய்க்கும் பிள்ளைக்கும், கைதிக்கும் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காடியாக் சிறையில் ஓர் இளங்குரு

இனி, இவ்வூழியத்தை ஆழமாக விளங்கிக்கொண்ட ஒருவரிடம் வருவோம். அவர் ஜான் யோசெப் லத்தாஸ்த் என்னும் பிரெஞ்சுக் குருவானவர். பிரான்சு தேசத்தின் போர்தோ நகருக்கு அருகே, கரோன் ஆற்றங்கரையிலுள்ள காடியாக் என்ற சிற்றூரிலே 1832ல் பிறந்தவர். அவ்வூரின் நடுவே பழைய பிரபுக்களின் மாளிகை ஒன்று உண்டு. அரசாங்கம் 19ம் நூற்றாண்டிலே அதைப் பெண்களுக்கான பெரிய சிறைச்சாலையாக மாற்றியிருந்தது. ஆகவே அந்தச் சிறை அவருக்குப் புதியதல்ல; அதன் மதிலைச் சிறுவயதிலேயே கண்டவர். மதிலுக்கு அப்பால் இருந்தவர்களைப் பற்றி ஊரார் என்ன நினைத்தார்களோ அதையே அவரும் நினைத்திருக்கவேண்டும்.

இளைஞராயிருக்கையில் வரித் திணைக்களத்திலே உத்தியோகம் பார்த்தார். புனித வின்சென்ட் டி போல் சபையிலே சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றுவந்தார். 1857ல் சாமிநாதர் சபை எனப்படும் தொமினிக்கன் சபையிலே பிரவேசித்து, 1863ல் குருவானார். அடுத்த ஆண்டு, 1864 செப்டெம்பரிலே, காடியாக் சிறையிலுள்ள பெண்களுக்கு ஞானஒடுக்கப் பிரசங்கம் செய்யும்படி மேலதிகாரிகள் அவரை அனுப்பினார்கள். வயது 32.

அங்கே ஏறக்குறைய 400 பெண்கள் இருந்தார்கள். திருட்டிலிருந்து கொலைவரை பலவகைக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். ஒரே விதமான உடை, பேசக்கூடாதென்ற கட்டளை, விடிந்தாற் பொழுதுபடும்வரை வேலை. உள்ளே நுழைந்தபோது தம் நெஞ்சு இறுகிப்போயிருந்ததென்றும், இந்தப் பிரயாசத்தால் என்ன பயன் வரப்போகிறதென்று தாம் நினைத்ததாகவும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதலை நான் பெரிதாக மதிக்கிறேன். சிறைக்குப் போகிற எவருக்கும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். இல்லையென்பவர் தம்மைத் தாமே அறியாதவர்.

ஆயினும் பிரசங்க மேடையில் ஏறியதும், அவர்களைத் தம் அன்பான சகோதரிகள் என்று அழைத்தார். இன்று எல்லாக் கோவில்களிலும் ஒலிபெருக்கியிலே கேட்கும் சாதாரண விளிப்புத்தான் அது. ஆனால் எண்ணாலும் குற்றத்தாலும் மட்டுமே அழைக்கப்பட்டு வந்த அந்தப் பெண்களுக்கு அது சாதாரணமாயிருக்கவில்லை.

அவர் சொன்ன செய்தி துணிச்சலானது. உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்றார். அதிகாலையில் எழும்புகிறீர்கள், மௌனம் காக்கிறீர்கள், எளிய உணவை உண்கிறீர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உழைக்கிறீர்கள், நாலு சுவருக்குள்ளே இருக்கிறீர்கள். அடைபட்ட மடங்களிலே கன்னியர் வாழும் வாழ்க்கையும் இதுதானே? அவர்கள் இறைவன்மீதுள்ள அன்பினால் அதைத் தாமாகத் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் கட்டாயத்தினால் வந்தீர்கள். ஆனால் அதே அன்போடு நீங்கள் இதை ஏற்றுக்கொண்டால், உங்களுக்கும் அவர்களுக்கும் இறைவன் முன்னிலையில் என்ன வித்தியாசம்? மனிதன் நேற்று என்னவாயிருந்தான் என்பதை இறைவன் பார்ப்பதில்லை, இன்று என்னவாயிருக்கிறான் என்பதையே பார்க்கிறார்: இதுவே அவருடைய போதனையின் சாரம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இந்த ஒப்புமையை லத்தாஸ்த் அடிகள் சொல்லலாம். அவரே மடத்தின் மௌனத்திலும் ஒழுங்கிலும் வாழ்ந்தவர். வீட்டிலே மீன்குழம்புடன் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப்போய், ஒரு மணிநேரத்தில் திரும்பிவிடுகிற நாம், உனது சிறையை மடமாக்கு என்று ஒரு பெண்ணுக்குச் சொன்னால் அது அவளுடைய துன்பத்தை அவமதிப்பதாகும். அவருடைய வார்த்தைகளைக் காப்பியடிக்காமல், அவர் அவர்களுக்குக் கொடுத்த மதிப்பைப் பின்பற்றினாற் போதும்.

அந்த ஞானஒடுக்கத்தின் பலன் எவரும் எதிர்பாராதது. மிகப் பெரும்பாலான பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள். நற்கருணை ஆராதனை ஏற்படுத்தப்பட்டபோது, நாள்முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் முறைவைத்து வந்து பீடத்தின்முன் முழந்தாட்படியிட்டார்கள். அதைக் கண்டு நின்ற லத்தாஸ்த் அடிகளுக்கு அன்றுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. இருண்ட இடத்துக்குத் தாம் இறைவனை எடுத்துச் செல்வதாக எண்ணி வந்தார். இறைவனோ அவருக்கு முன்பே அங்கே வந்து, அந்தப் பெண்களின் உள்ளத்திலே வேலைசெய்துகொண்டிருந்தார்.

கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. இவர்களிற் சிலர் இறைவனுக்குத் தங்களை முழுவதும் கையளிக்க விரும்புகிறார்கள். தண்டனைக் காலம் முடிந்து வெளியே போனால் யார் இவர்களை ஏற்றுக்கொள்வார்கள்? சிறைபோனவள் என்ற பெயர் அவர்களுக்கு முன்னே போய்விடும். வேலை கிடைக்காது, தங்க வீடு கிடைக்காது, மடத்தின் கதவோ திறக்கவே திறக்காது. அந்த ஆராதனையின்போதே அவருடைய உள்ளத்தில் ஒரு புதிய சபையின் எண்ணம் உதித்தது. 1865ல் மீண்டும் அதே சிறைக்குச் சென்று பிரசங்கித்தார். அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

பெத்தானியா வீடு

1866ல், மறுவாழ்வு பெற்ற பெண்களைப் பற்றி ஒரு சிறு நூலை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 14ந் திகதி, பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள பிரான்-லெ-ஷாத்தோ என்னும் ஊரிலே, அன்னை ஹென்றி தொமினிக் என்ற கன்னியரின் துணையுடன் முதலாவது வீடு ஆரம்பமானது. அதற்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். எதிர்ப்பு இல்லாமலில்லை. சாமிநாதர் சபையின் வெள்ளை உடுப்பைச் சிறைபோன பெண்கள் தரிப்பதா, சபையின் பெயர் கெடாதா என்று சொந்தச் சபைக்குள்ளேயே சிலர் முறுமுறுத்தார்கள்.

பெத்தானியா என்ற பெயரை ஏன் தெரிந்தார்? அக்காலத்திலே, மேல்நாட்டுத் திருச்சபையின் பாரம்பரியப்படி, லூக்கா 7ம் அதிகாரத்தில் ஆண்டவருடைய பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணும், மரிய மதலேனாளும், பெத்தானியாவூர் மரியாளும் ஒருவரே என்று எண்ணப்பட்டது. பெரிய கிரகோரியார் பாப்பரசரின் காலத்திலிருந்து வந்த கருத்து அது. இன்று வேதாகம அறிஞர் இவர்களை வெவ்வேறு ஆட்களாகவே கொள்கிறார்கள். வழிபாட்டு நாட்காட்டியும் அப்படியே: மரிய மதலேனாளுக்கு யூலை 22ந் திகதி தனித்திருநாள், மார்த்தா, மரியாள், லாசரு மூவரையும் சேர்த்து யூலை 29ந் திகதி நினைவுகூரும்படி 2021ல் ஒழுங்கு செய்யப்பட்டது. ஆனால் லத்தாஸ்த் அடிகளின் எண்ணம் இதனாற் பழுதுபடவில்லை. அவர் கண்டது இதுதான்: குற்றமறியாத மார்த்தாவும், மன்னிப்புப் பெற்ற மரியாளும் ஒரே கூரையின்கீழ் சகோதரிகளாய் வாழ்ந்த ஒரு வீடு, அந்த வீட்டுக்கு இயேசு நண்பராக வந்துபோனார்.

ஆகவே அவருடைய சபையிலே, சிறையிலிருந்து வந்த பெண்களும், நல்ல குடும்பங்களிலிருந்து மாசின்றி வந்த பெண்களும் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். விடுதலையாகி வந்தவர் முதலில் நீண்ட பரீட்சைக் காலத்தைக் கடக்கவேண்டும். அதன்பின் அவருக்கும் மற்றவர்களுக்கும் உடுப்பிலோ இடத்திலோ வித்தியாசமில்லை. யாருடைய கடந்தகாலத்தையும் யாரும் கிளறக்கூடாது. எவர் எங்கிருந்து வந்தவர் என்பது வெளியாருக்குத் தெரியக்கூடாது. இதிலே ஒரு நுட்பம் உண்டு. சாலையிலே அந்த உடுப்போடு ஒரு கன்னியர் நடந்துபோனால், அவர் கொலைக்குற்றத்துக்காகச் சிறையிருந்தவரா, ஒருநாளும் பொய்சொல்லாத ஆசிரியையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சிறைக்கே போகாத சகோதரிகள், தங்கள்மீதும் அந்தச் சந்தேகம் விழுவதற்கு மனமுவந்து சம்மதித்தார்கள். ஒருத்தியின் அவமானத்தை எல்லாரும் சேர்ந்து சுமந்தால், அது யாருடையது என்று தெரியாமற் போய்விடுகிறது.

லத்தாஸ்த் அடிகள் நெடுங்காலம் வாழவில்லை. 1869 மார்ச் 10ந் திகதி, 36 வயதில் இறந்தார். புனித சூசையப்பர் அகில திருச்சபையின் பாதுகாவலராகப் பிரகடனப்படுத்தப்படுவதற்காகத் தம் உயிரையே ஒப்புக்கொடுப்பதாகப் பாப்பரசர் 9ம் பத்திநாதருக்கு எழுதியவரும் இவரே. அப்பிரகடனம் 1870 டிசெம்பர் 8ந் திகதி வெளியானது. 2012 யூன் 3ந் திகதி பெசான்சோன் நகரில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அவர் நிறுவிய சபை இன்றும் சிறைகளுக்குச் செல்கிறது.

நாம் போகும்போது

வெலிக்கடையிலும், யாழ்ப்பாணத்திலும், ஏனைய சிறைகளிலும் பெண்களுக்கெனத் தனிப் பகுதிகள் உள்ளன. அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் குற்றவாளிகளே அல்லர். விளக்கமறியலில் வழக்கு முடிவதற்காகக் காத்திருப்பவர்கள். வேறு சிலர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள். சிலர் தாங்கள் செய்ததை மறுக்காதவர்கள். கைக்குழந்தையுடன் இருப்போரும் உண்டு. தமிழ் மாத்திரம் தெரிந்த பெண்ணுக்கு, சிங்களத்திலே நடக்கும் அலுவலகக் காரியங்கள் இன்னொரு மதில். மன்னாரிலோ முல்லைத்தீவிலோ உள்ள தாய், கொழும்புச் சிறையிலிருக்கும் மகளை ஒருமுறை பார்க்க ஒரு நாட்கூலியை இழந்து, இரவுப் பயணம் செய்து, வரிசையில் நின்று, சில நிமிடம் பேசித் திரும்பவேண்டும். சிறைக்கு அருகிலுள்ள பங்கொன்று, அந்தத் தாய்க்கு ஓர் இரவு தங்க இடங்கொடுத்தால் அதுவும் சிறைச்சந்திப்பு ஊழியமேயாகும்.

போகிறவர்கள் சிறை அதிகாரியின் அனுமதியுடனும், சிறைக்குப் பொறுப்பான சுவாமியாருடைய வழிகாட்டலுடனும் போகவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடிதமோ, செய்தியோ, தொலைபேசியோ களவாகக் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது. இரக்கத்தினாற் செய்த ஒரு சிறு தவறுக்காக, பின்னால் வருகிற அனைவருக்கும் கதவு பூட்டப்பட்டுவிடும். வாசலில் நிற்கும் பெண் காவலரையும் பெயர்சொல்லி வணங்குங்கள். அவரும் காலை முதல் அந்த மதிலுக்குள்ளே நிற்பவர்தான்.

என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். பொலிசார் கேட்டுவிட்டார்கள், சட்டத்தரணி கேட்டுவிட்டார், நீதவான் கேட்டுவிட்டார், பக்கத்திலிருப்பவளும் கேட்டுவிட்டாள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். வெளியே வந்து எவருக்கும், செபக் கருத்து என்ற பெயரிலேகூட, சொல்லாதீர்கள். நமது சங்கக் கூட்டங்களிலே செபக் கருத்தாக வருகிற வம்புகள் கொஞ்சமல்ல.

மீண்டும் வருவேன் என்று சொன்னால் வாருங்கள். வர இயலாதென்றால் முதலிலேயே சொல்லாதிருங்கள். அவளுடைய வாழ்வில் வாக்குக் கொடுத்து வராமற் போனவர்கள் ஏற்கெனவே பலர். கிறிஸ்மசுக்கு முந்திய வாரம் கேக்கும் பாட்டுக்குழுவுமாகப் பெருங்கூட்டமாகச் சென்று, தை மாதத்திலிருந்து மார்கழிவரை ஒருவரும் எட்டிப்பாராதிருப்பதைவிட, மாதத்தில் ஒருமுறை இரண்டு பேர் போவது மேல்.

சவர்க்காரம், பற்பசை, உள்ளாடை, மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டியவை ஆகியவற்றை அலுவலகத்தின் ஊடாகக் கொடுக்கலாம். படங்களும் செபமாலைகளும் கொடுப்பதிலே நாம் தாராளமாயிருக்கிறோம். மற்றவற்றை வாய்விட்டுக் கேட்க அவர்களுக்கு வெட்கம், கொண்டுபோக நமக்கு வெட்கம். பிரிந்த சகோதர சபையான குவேக்கரைச் சேர்ந்த எலிசபெத் பிறை அம்மையார் 1813ல் இலண்டன் நியூகேற் சிறைக்கு முதன்முதலிற் போனபோது எடுத்துச் சென்றது, அங்கே தாய்மாருடன் கிடந்த குழந்தைகளுக்கான கம்பளி உடுப்புக்களையே. 1817ல் அந்தப் பெண்களுக்காக ஒரு சங்கத்தை அவர் தொடங்கியபோது, ஒழுங்கு விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, கைதிகளின் சம்மதத்தைக் கையுயர்த்தச் சொல்லிக் கேட்டார். அவர்களிடம் ஒருவர் சம்மதம் கேட்டது அதுவே முதல் தடவையாயிருந்திருக்கலாம். பெண் கைதிகளைப் பெண்களே காவல் செய்யவேண்டும் என்று இங்கிலாந்திலே 1823ல் சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட உழைப்பினாலேயே.

உள்ளே இருப்பவர்களில் சைவர், பௌத்தர், இஸ்லாமியர் பலர். அவர்களையும் அதே அன்புடன் சந்தியுங்கள். செபிக்கும்படி அவள் கேட்டால் செபியுங்கள். அவளுடைய நிலைமையைச் சாதகமாக்கி வேதத்துக்கு இழுக்க நினைப்பது சுதந்திரமில்லாத ஒருத்தியிடம் சுதந்திரமான பதிலை எதிர்பார்ப்பதாகும்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2024 மார்ச் 28ந் திகதி, பெரிய வியாழனன்று, உரோமையிலுள்ள ரெபிபியா பெண்கள் சிறைக்குச் சென்று 12 பெண்களின் பாதங்களைக் கழுவினார். முழந்தாட்படியிட இயலாத முதுமையில் அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆகையால் பெண்களின் இருக்கைகளைச் சற்று உயரமான மேடையில் வைத்திருந்தார்கள். அவர் பாதங்களைக் கழுவி முத்தமிடுகையில் பல பெண்கள் அழுதார்கள். கைதிகள் மேலே, பாப்பரசர் கீழே: முழங்கால் நோவினால் ஏற்பட்ட ஒழுங்குதான், ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வாசலுக்கு வெளியே

லத்தாஸ்த் அடிகள் காடியாக்கிலே பிரசங்கித்துவிட்டுத் திரும்பியிருந்தால், நல்ல ஞானஒடுக்கம் ஒன்று நடந்தது என்று அத்துடன் முடிந்திருக்கும். அவரை நாம் நினைவுகூருவது, விடுதலை நாளைப் பற்றி அவர் கவலைப்பட்டதனாலேயே. நமது ஊழியமும் அங்கேதான் பரீட்சைக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கிலே, தண்டனை முடிந்து ஒரு பெண் ஊருக்குத் திரும்பினாள். ஞாயிறு பூசைக்கு வந்தாள். வாசலோரத்துக் கடைசி வாங்கில் இருப்பாள். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவாள். ஒருவரும் அவளை ஏசவில்லை, வரவேண்டாமென்று சொல்லவுமில்லை. திருநாள் வந்தது. கோவில் கூட்டுவதற்கும், பீடத்துக்குப் பூக்கட்டுவதற்கும் பெண்களின் பெயர்களை வீட்டுவாரியாக எழுதினார்கள். அவளுடைய வீட்டுக்கு வந்தபோது, எழுதினால் அவளுக்குச் சங்கடமாயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த வீட்டுக்குப் போனோம். அந்தப் பட்டியலை எழுதிய மேசையிலே நானும் இருந்தேன். திருநாளுக்குப் பின் அவள் பூசைக்கு வரவில்லை. சங்கடம் அவளுக்கா எங்களுக்கா என்று அவளிடம் கேட்டறிய எங்களில் ஒருவரும் போகவில்லை. பின்பு அவள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

மாதக் கூட்டங்களிலே இப்பாடத்தைப் படிக்கும் சங்கங்கள், மத்தேயு 25ஐயும் 2 திமோத்தேயு 1ஐயும் வாசித்தபின் பின்வருவனவற்றைக் கலந்துரையாடலாம். நமது பங்கைச் சேர்ந்த பெண்கள் எவராவது மறியலில் இருக்கிறார்களா? பங்குச் சுவாமியார் மூலம், பெயரைப் பறைசாற்றாமல், அதை எப்படி அறியலாம்? அவளுடைய பிள்ளைகள் யாருடைய வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்களா, தாயைப் பார்க்க அவர்களை யார் கூட்டிப்போவது? அவளுடைய விடுதலைத் திகதி எப்போது? அன்று காலை, மாற்றுச் சேலையுடனும் பஸ் காசுடனும் வாசலில் நிற்கப்போகும் இருவர் யார்? அவர்களிருவருடைய பெயர்களையும் கூட்டம் கலையுமுன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.